ஆறாம் மாதத்தில் மதுரை



பாஸ்குத் திருவிழா முடிந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் விட்டாயிற்று. ஊர்விட்டு ஊர் போய்வர எல்லோர்க்கும் ஆசை பிறக்கும் காலம் இது. பிள்ளைகுட்டிகளோடு கொடைக்கானலுக்கும் வேளாங்கண்ணிக்கும் போகிறவர்களைப் பற்றி இம்மாதம் நான் எழுதப் போவதில்லை. இன்னும் பிறவாத பிள்ளையைச் சுமந்துகொண்டு மதுரை பார்க்கப் புறப்பட்ட ஓர் இளந்தம்பதியரைப் பற்றியே எழுதப் போகிறேன்.

எங்கள் சிற்றூர் நிலக்கோட்டையை அடுத்தது. மல்லிகைதான் எங்கள் மண்ணின் செல்வம். நான் சொல்லும் இளைஞன் விடியற்காலையில் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு மூட்டை ஏற்றிச் செல்பவன். அவன் மனைவியோ, தான் பறித்த அரும்புகள் நாள்தோறும் மதுரைக்குப் போவதைக் கண்டவளேயன்றி, மதுரையைக் கண்டவள் அல்லள். திருமணப் பட்டெடுக்க ஒருமுறை போனதுண்டு. அன்று துணிக்கடையையும் பேருந்து நிலையத்தையும் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. இப்போது அவளுக்கு ஐந்து மாதம் நிறைந்து ஆறு நடக்கிறது. குழந்தை பிறந்துவிட்டால் இனி எங்கே நகர்வது, அதற்கு முன்னே ஒருநாள் இருவருமாய் மதுரையைச் சுற்றிப் பார்த்துவிடுவோம் என்று பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் புயல் கிளம்பிவிட்டது. சூல்கொண்டவள் ஆறு தாண்டலாகாது, உச்சிவேளையில் தெருவில் தலைகாட்டலாகாது, விளக்கு வைத்த பிறகு வீடு திரும்பலாகாது என்று மாமியார் அடுக்கினார். மகன் விட்டானா? "நம் மாதா கர்ப்பவதியாய் இருந்தபோதுதானே மலைநாட்டுக்கு நடந்து போய் எலிசபெத்தம்மாளைப் பார்த்தார்கள்? மே 31-ஆம் நாள் அதற்கென்று திருநாளே கொண்டாடுகிறோமே!" என்றான். "அவர்களுக்கு வானதூதர் துணை இருந்தார். உன் பெண்டாட்டிக்கு யாரடா துணை?" என்றார் தாயார். மறைநூல் அறிவில் இருவரும் சளைத்தவர் அல்லர்.

வழக்கு என்னிடம் வந்தது. கிராம சுகாதாரச் செவிலியாய் முப்பதாண்டுகளுக்கு மேல் பணிசெய்து ஓய்வு பெற்றவள் என்பதால், இத்தகைய வழக்குகளுக்கு ஊரில் நானே நீதிபதி. "நர்ஸம்மா, நீங்களே சொல்லுங்கள்" என்று மூவரும் என் திண்ணையில் அமர்ந்துவிட்டார்கள்.

நான் மாமியாரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "நேற்று உச்சிவேளையில் உங்கள் மருமகள் எங்கே இருந்தாள்?"

"தோட்டத்தில் களையெடுத்தாள். வேலை செய்தால்தானே பிரசவம் சுலபமாகும்?"

அந்த அம்மாள் பொல்லாதவர் அல்லர். தாமும் அப்படித்தான் ஐந்து பிள்ளைகளைப் பெற்றார். உச்சிவெயில் தெருவில் அடித்தால் தோஷம், தோட்டத்தில் அடித்தால் தோஷமில்லை என்பது அவருக்கு மட்டும் உரிய நம்பிக்கையும் அன்று. நம் சமவெளி முழுவதும் இதே நியாயம்தான் நடக்கிறது. கர்ப்பிணி ஊர்சுற்றப் போகிறாள் என்றால் ஆயிரம் தடை. அதே கர்ப்பிணி நாற்று நடவோ, செங்கல் சூளையில் மண் சுமக்கவோ போனால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

இதைப் பற்றி நம் தமிழ்நாட்டிலேயே நல்லதோர் ஆய்வு நடந்திருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் 2017-இல் தொடங்கி, 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் வயலிலும் சூளையிலும் உப்பளத்திலும் கடும் வெப்பத்தில் உழைத்தவர்கள். மற்றவர்கள் வெப்பம் குறைந்த இடங்களில் பணிசெய்தவர்கள். வெப்பத்தில் உழைத்தவர்களிடையே கருச்சிதைவு இரு மடங்காய் இருந்ததென்று 2024-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை கூறுகிறது.

காரணம் விளங்காததன்று. கர்ப்பிணியின் உடல் தன் சூட்டோடு குழந்தையின் சூட்டையும் வெளியேற்றியாக வேண்டும். வெயில் ஏறும்போது உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலை நோக்கி ஓடுகிறது. வியர்வையாய் நீரும் வற்றுகிறது. அந்நேரத்தில் கருப்பைக்குச் செல்லும் இரத்தம் குறைந்துபோகக் கூடும். நீர் வற்றிய உடலில் கருப்பை காலமல்லாத காலத்தில் இறுகத் தொடங்குவதும் உண்டு.

இதை நூலில் மட்டும் படித்துச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். 1982-ஆம் ஆண்டு மே மாதம் நான் ஏழு மாதக் கர்ப்பிணி. திருமலை நாயக்கர் மகாலில் ஒலி-ஒளிக் காட்சி நடப்பது அப்போது ஊரெல்லாம் பேச்சு. என் கணவரும் நானும் நண்பகல் பேருந்தில் புறப்பட்டோம். வழியில் ஒதுங்க இடம் இராதே என்று அஞ்சி, காலையிலிருந்தே நான் தண்ணீரைக் குறைத்துவிட்டேன். செவிலியாய்ப் பயின்று, ஊராருக்கெல்லாம் உபதேசம் செய்பவள் செய்த காரியம் இது! மகாலின் முற்றத்தில் தூணடியில் உட்கார்ந்தபோது வயிறு கல்லாய் இறுகியது, கண் இருண்டது. பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டி ஓடிவந்து தன் செம்பிலிருந்த நீர்மோரைப் புகட்டினாள். பிறகு மருத்துவமனை, குளுக்கோஸ், கணவரின் வெளிறிய முகம். இரவு பத்து மணியளவில் வலி அடங்கியது. கர்த்தர் கிருபையால் குழந்தை உரிய காலத்தில் பிறந்தது. ஒலி-ஒளிக் காட்சியை நாங்கள் பார்க்கவில்லை. இச்செய்தியை என் மாமியாரிடம் சொல்லாமலேயே அவர்களை நல்லடக்கமும் செய்துவிட்டோம்.

இளந்தம்பதியருக்கு இதைச் சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் போகலாம் என்று தீர்ப்பளித்தேன். கர்ப்ப காலத்தில் பயணத்துக்கு ஏற்ற காலம் நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் முடியவுள்ள நடுப்பகுதிதான். மசக்கை அடங்கியிருக்கும், வயிறு இன்னும் பாரமாகியிராது. ஆனால் முன்பு கருச்சிதைவு ஏற்பட்டவள், இரத்தப்போக்கு கண்டவள், இரத்தக் கொதிப்பு உள்ளவள், நச்சுக்கொடி கீழிறங்கியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்தவள் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் வாசற்படி தாண்டலாகாது. இவளுக்கு இவற்றில் ஒன்றுமில்லை. மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, டாக்டரம்மாவின் சம்மதத்தையும் பெற்றுக்கொண்டார்கள்.

அடுத்து, கணவன் ஒரு நீண்ட பட்டியலை எடுத்தான். மகால், அழகர்கோவில் மலை, திருப்பரங்குன்றம், கீழடி, விளக்குத்தூண் துணிக்கடைகள், போதாததற்குச் சித்திரைத் திருவிழாவும்! பூ மூட்டைக்கும் மனைவிக்கும் வேறுபாடு தெரியாதவனோ என்று எனக்குக் கோபமே வந்தது. 2022 ஏப்ரலில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று நெரிசலில் சிக்கி இருவர் உயிரிழந்ததை நினைவூட்டி, திருவிழாவை முதலில் அடித்தேன். பிறகு படியேற வேண்டியவை போயின. எஞ்சியவை நான்கே இடங்கள். "இவ்வளவுதானா?" என்றான். இவ்வளவையும் அவள் நடையில் நடந்து பார்த்துவிட்டு வா என்றேன்.

கத்திரி தொடங்குமுன், ஏப்ரல் மாத இறுதியில் ஒருநாள் போனார்கள். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்னும் திட்டம் 2021 மே முதல் இருந்தாலும், நெடுந்தொலைவுக்கு நான் இரயிலையே பரிந்துரைத்தேன். பேருந்தின் பின்னிருக்கைக் குலுக்கல் இதில் இல்லை. எழுந்து நாலடி நடக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக இரயிலில் கழிப்பறை உண்டு. நம் பெண்கள் பயணத்தில் நோயுறுவதற்குப் பாதிக் காரணம் தண்ணீர் குடியாமை. தண்ணீர் குடியாமைக்கு முழுக் காரணம் கழிப்பறை இன்மை. இதை ஆண்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கழிப்பறை எங்கே என்று நீயே விசாரித்து வை, அவளைக் கேட்க விடாதே என்று அவனிடம் கண்டிப்பாய்ச் சொல்லியனுப்பினேன். கையில் தாய்-சேய் நலப் புத்தகம், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், பெரிய தண்ணீர்க் குப்பி, குடை ஆகியவையும் போயின. மாமியார் முந்தானையில் வேப்பிலை முடிந்துவிட்டார். அதை நான் தடுக்கவில்லை. வேப்பிலை யாரையும் கெடுத்ததில்லை.

கொடைரோட்டில் காலை இரயிலேறி, மதுரையில் இட்லி சாப்பிட்டு, கீழ வெளி வீதியில் புனித மரியன்னை பேராலயத்தில் சற்றுநேரம் செபித்தார்கள். திறந்த வேளையில் மகாலுக்குள் நுழைந்தார்கள். 1636-இல் எழுந்த அம்மாளிகையில் இன்று நிற்பது ஒரு பகுதியே. சிதைந்து கிடந்ததை 1866 முதல் 1872 வரை நேப்பியர் பிரபு பழுதுபார்த்திராவிட்டால் அதுவும் எஞ்சியிராது. அந்தப் பருத்த தூண்களைக் கட்டிப்பிடிக்க அவள் ஆசைப்பட்டாளாம், வயிறு முந்திக்கொண்டதாம்! நான் உட்கார்ந்த தூணைத் தேடினார்களாம். எல்லாத் தூணும் ஒன்றுபோல் இருந்தனவாம்.

வெயில் ஏறுமுன் தமுக்கத்தை அடுத்த காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டார்கள். இராணி மங்கம்மாளின் கோடை மாளிகை அது. 1959 ஏப்ரல் 15 அன்று நேரு அவர்கள் அருங்காட்சியகமாய்த் திறந்துவைத்தார். கோடைக்கென்றே கட்டியவர்கள் நம் வெயிலை அறிந்தவர்கள். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் அரையாடைக்கு மாறியது இதே மதுரையில்தான் என்பதை அங்கே அவள் நின்று படித்தாள். காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த இரத்தக்கறை படிந்த துணி இருக்கும் அறைக்குள் மட்டும் போகவில்லை. "நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று கணவனை அனுப்பிவிட்டு வெளியே மரநிழலில் அமர்ந்துகொண்டாள். மூடநம்பிக்கை என்று சிரிப்பவர் சிரிக்கட்டும். வேண்டாமென்று அவள் மனம் சொன்னது, அவனும் வற்புறுத்தவில்லை.

நண்பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரையுள்ள பொழுதுதான் என் கவலை. அதற்கும் மதுரையில் இப்போது ஓரிடம் உண்டு. புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம். குளிரூட்டிய கூடங்கள், மின்தூக்கி, நல்ல நாற்காலிகள், தூய கழிப்பறை. பணம் கொடுத்தால்தான் நிழல் என்றில்லாமல், யாரும் போய் உட்காரக்கூடிய இடம். குழந்தைகள் பகுதியில் படப்புத்தகம் ஒன்றை அவள் பக்கம் பக்கமாய்ப் புரட்டிக்கொண்டிருந்ததைக் கணவன் என்னிடம் சொன்னபோது அவன் குரல் மாறியது. "நான் வாரம் ஆறு நாள் மதுரைக்குப் போகிறேன், நர்ஸம்மா. இப்படி ஓரிடத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை" என்றான்.

உணவில் ஒரேயொரு சண்டை வந்ததாம். அவளுக்கு ஜிகர்தண்டா வேண்டும். அவனுக்கோ நான் சொல்லியனுப்பியது நினைவு. தெருவோரப் பனிக்கட்டியையும் அறுத்து வைத்த பழங்களையும் தொடக்கூடாது. இளநீரும் நுங்கும் போதும் என்பது என் கட்டளை. முடிவில், காய்ச்சிய பாலில் செய்யும் தூய கடையொன்றைத் தேடிப் பிடித்து, பனிக்கட்டி சேராமல் அரைக் குவளை வாங்கிக் கொடுத்தான். மசக்கைக்காரியின் ஆசைக்கும் செவிலியின் கட்டளைக்கும் நடுவே அவன் கண்ட வழி அது. நானாக இருந்தால் முழுக் குவளையும் கேட்டிருப்பேன்.

மாலையில் வண்டியூர்த் தெப்பக்குளம். 1645-இல் திருமலை நாயக்கர் அமைத்தது. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண்ணெடுத்த பள்ளமே குளமாயிற்று என்பது வழிவழி வந்த செய்தி. நெடுங்காலம் வறண்டு, பிள்ளைகள் பந்தாடும் திடலாய்க் கிடந்த குளத்தில் அண்மை ஆண்டுகளில் வைகை நீரை நிறுத்துகிறார்கள். கரையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது குழந்தை துள்ளியதாம். அவன் கையை எடுத்து அவள் தன் வயிற்றின்மேல் வைத்தாளாம். இதை அவளே என் காதோடு சொன்னாள். உங்களுக்கு எழுதியதற்கு மன்னிப்பாள்.

பயணத்தில் இருக்கும் கர்ப்பிணிக்கு இரத்தமோ பனிநீரோ கசிந்தாலும், வயிறு விட்டு விட்டு இறுகினாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், கடுந்தலைவலியோடு கண் மங்கினாலும் ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாய்ப் போனால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். இவற்றைக் கணவன்மாரும் அறிந்திருக்க வேண்டும். மயங்கியவள் தானே தொலைபேசியை எடுக்க மாட்டாள்.

இருவரும் நலமாய்த் திரும்பினார்கள். விளக்கு வைத்துவிட்டது என்று மாமியார் முணுமுணுத்தார். ஆனால் மறுவாரம் நான் அவர்கள் தோட்டத்துப் பக்கம் போனபோது, பத்து மணி ஆனதும் அவரே, "போதும், நிழலுக்கு வா" என்று மருமகளை அழைத்ததைக் கேட்டேன். என்னைப் பார்த்துவிட்டு, களை அதிகமில்லை என்று காரணமும் சொல்லிக்கொண்டார்.

அடுத்த தோட்டத்தில் இன்னொருத்தி வரப்போரம் குனிந்திருந்தாள். கூலிக்குப் பூப்பறிக்கிறவள், அவளுக்கும் ஆறேழு மாதம் இருக்கும். எடைக்குத்தான் கூலி, ஆகவே வெயில் ஏறினாலும் மடி நிறையும்வரை நிமிர்வதில்லை. கூலி இழப்பை ஈடுசெய்யவே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி இருக்கிறதே, பதிவு செய்தாயா என்று கேட்டேன். வெளியூரிலிருந்து வந்தவளாம், பதிவு எண் இன்னும் வாங்கவில்லையாம். திங்கட்கிழமை காலை அவளைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போவதாய்ச் சொல்லியிருக்கிறேன். அன்று அவளுக்கு அரைநாள் கூலி போகும். அதை யார் தருவது என்று மாமியாரும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.