"அப்போ மேத்ஸ்ல புலியா?"

என் தம்பிக்கு ஆட்டிசம்னு சொன்னதும் ஹாஸ்டல்ல வர்ற அடுத்த கேள்வி: "அப்போ மேத்ஸ்ல புலியா மச்சி?" இல்லைங்க. கடையில மீதிச் சில்லறை எண்ணவே அவன் திணறுவான்.

1988-ல் வந்த 'ரெயின் மேன்' படத்துல, கீழே கொட்டின பல்குச்சிகளை டஸ்டின் ஹாஃப்மன் பார்த்த நொடியில் எண்ணிச் சொல்வார். அதுதான் நம்ம மனசுல ஒட்டிக்கிச்சு. அந்தக் கதாபாத்திரத்துக்குத் தூண்டுதலா இருந்த கிம் பீக்குக்கு ஆட்டிசமே இல்லைன்னு பின்னாடி சொன்னாங்க. ஆட்டிசம் உள்ளவங்கள்ல சிலருக்குக் கணக்கு நல்லா வரும், பலருக்கு வராது.

எம்3 அரியர் வச்சிருக்கிற நம்மகிட்ட யாராவது "சரி, வேற எதுல புலி?"ன்னு கேட்டுட்டா மரியாதை தர்றாங்க? அவனுக்கு மட்டும் ஏன் அந்த நுழைவுத் தேர்வு? அடுத்த தடவை, "தம்பிக்கு என்ன பிடிக்கும்?"னு கேளுங்க. நிறைய சொல்வேன்.