மண்ணுக்கு விலையா, கைக்கு விலையா?

"மண்தானே! இதற்கா இவ்வளவு விலை?" கடலூரில் நடந்த பொருட்காட்சியில், என் அக்கா செய்த பீங்கான் தோட்டைக் கையில் எடுத்த ஒருவர் கேட்ட கேள்வி இது.

நண்பர்களே! செம்மங்குப்பத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அக்கா அந்தத் தோட்டை விரலால் வடிப்பதைப் பார்த்திருக்கிறேன். வெண்களிமண்ணைப் பிசைந்து, உருவாக்கி, நிழலில் உலர்த்தி, நம் மாவட்டத்து விருத்தாசலம் சூளைக்கு எடுத்துச் செல்வார். ஒருமுறை சுட்டு, பளபளப்புப் பூச்சுப் பூசி, மீண்டும் ஏறத்தாழ 1300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட வேண்டும். வேகும்போது மண் சுருங்கும். சில தோடுகள் வெடிக்கும், சில கோணும். தப்பியவைதாம் விற்பனைக்கு வரும். உடைந்தவற்றில் போன உழைப்புக்கு யார் விலை தருவது?

மண்ணணி நமக்குப் புதிதன்று. தமிழகத்து அகழாய்வுகளில் சுடுமண் காதணிகள் கிடைத்துள்ளன. பீங்கான் பொம்மையும் அகல் விளக்கும் செய்யும் விருத்தாசலத்தில் சூளையுண்டு, கைத்திறனுண்டு. செய்தவர் பெயர்தான் பொருளில் இல்லை. 1971-இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பயின்ற பலரோ, தத்தம் பெயராலேயே மண்கலைஞர்களாக அறியப்படுகின்றனர்.

எனவே, பேரம் பேசுமுன் செய்த கையை எண்ணுவோம். செய்பவரும் தம் பெயரைப் பொருளில் பொறிக்கட்டும். பெயரற்ற பொருளைத்தான் உலகம் "மண்தானே" என்கிறது!