நூலுக்கு ஓர் உருவே போதும்

மழை மிகுந்த தைப்பிங்கை அடுத்த கமுந்திங்கில் தாள்நூலுக்கு ஈரமும் கரையானுமே பகை. ஆகவே இங்குள்ள தமிழர் மின்னூல் சேர்ப்பது நன்றே. ஆயின், ஒரே நூலைப் பிடிஎஃப், மொபி, ஈபப் என மூவுருவிற் குவிப்பது நூலகமாகாது, குப்பைமேடேயாகும்!

பிடிஎஃப் அச்சுப்பக்கத்தின் அளவுக்குக் கட்டுப்பட்டது. கைப்பேசித் திரைக்கேற்ப வரிகள் மடங்கா. மொபியைக் கிண்டிலுக்கு அனுப்பும் வழியை மூடுவதாக அமேசான் 2022-இல் அறிவித்தது. வணிகன் கதவடைத்தால் நம் நூலகம் என்னாவது? ஈபப்போ 2007-இல் வகுக்கப்பட்ட பொதுத்தரம்; எவருடைய தனிச்சொத்துமன்று. அதனையே கொள்க. படமாக மட்டுமே கிடைக்கும் பழம் பக்கங்கள் பிடிஎஃப்பாக இருக்கட்டும்.

"பழகியதை எங்ஙனம் விடுவது?" என்பர் சிலர். 'குடி அரசு' 1935-இல் சீர்திருத்த எழுத்தை மேற்கொண்டது. தமிழக அரசு 1978-இல் அதனை ஏற்றது. தமிழ் கெட்டதா? எழுத்தையே திருத்திக்கொண்ட இனம் கோப்பைத் திருத்த அஞ்சுவது நாணத்தக்கதன்றோ!