கிளார்க் கடைசி வரை கிளார்க்தானா?

விருதுநகர் மாவட்டம் குமாரலிங்கபுரத்தில் மழை பெய்தால்தான் வெள்ளாமை. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கமும் இதே கதைதான். கரிசல் காடு. வானம் பார்த்த பூமி.

அதனால் அந்தப் பக்கத்து வீடுகளில் பிள்ளை பத்தாவது தாண்டியதும் பெற்றவர்கள் சொல்வது ஒன்றுதான். "எப்படியாவது ஒரு ஆபீஸ் வேலையில உட்கார்ந்துடுப்பா!"

சரி, உட்கார்ந்தாகி விட்டது. அப்புறம்?

உட்கார்ந்த நாற்காலியிலேயே ரிட்டயர் ஆக வேண்டியதுதானா?

ஒரு ரூபாய் சம்பளம்

தஞ்சைச் சீமையில் கிராமக் கணக்கருக்கு உதவியாளாக, மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் இருந்தான் ஒரு சிறுவன். அவன் கெட்டிக்காரத்தனம் தாசில்தார் கண்ணில் பட்டது. அவர் படிக்க வைத்தார். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் சென்னை ஐகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியான சர் டி.முத்துசாமி அய்யர்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லா ஆபீசிலும் அப்படி ஒரு தாசில்தார் இருப்பாரா? நல்ல மனிதர் கண்ணில் பட்டால்தான் உயர்வு என்றால் அது லாட்டரிச் சீட்டு. ஊழியருக்கு வேண்டியது லாட்டரி அல்ல, ஏணி!

ஏணி இருக்கிறது, ஆனால்...

அரசு ஆபீசில் ஏணி இருக்கிறது. அதன் முதல் படியில் கால் வைக்கத்தான் எத்தனை கூட்டம்! 2025 ஜூலை 12-ந் தேதி நடந்த குரூப்-4 தேர்வுக்கு அறிவித்த இடம் 3 ஆயிரத்து 935. மனுப் போட்டவர்கள் சுமார் 13 லட்சத்து 89 ஆயிரம் பேர். ஒரு நாற்காலிக்கு 350 பேர்!

இதில் ஜெயித்து இளநிலை உதவியாளர் ஆகிறவருக்கு அடிப்படைச் சம்பளம் ரூ.19 ஆயிரத்து 500-ல் தொடங்குகிறது. துறைத் தேர்வுகளில் பாஸ் செய்ய வேண்டும். பவானிசாகர் போய்ப் பயிற்சி முடிக்க வேண்டும். பிறகு உதவியாளர் ஆகலாம். வருவாய்த் துறை என்றால் வருவாய் ஆய்வாளர், துணை தாசில்தார், தாசில்தார் என்று ஏறலாம்.

துறைத் தேர்வு ஆண்டுக்கு 2 தடவை, மே மாதமும் டிசம்பர் மாதமும் நடக்கிறது. "மே போனால் டிசம்பர் இருக்கு" என்று தள்ளிப் போடுகிறவர்கள் எத்தனை பேர்! பின்னால் வந்தவர் தேர்வை முடித்து முன்னால் போன பிறகு புலம்பிப் பயன் இல்லை.

ஆபீஸ் பக்கமும் தப்பு உண்டு. சீனியாரிட்டி தகராறு, கோர்ட்டு வழக்கு என்று பதவி உயர்வுப் பட்டியல் இழுத்தடிக்கிறது. ஒரே பதவியில் 10 ஆண்டு இருந்தால் தேர்வு நிலை, 20 ஆண்டு இருந்தால் சிறப்பு நிலை தருகிறார்கள். சம்பளம் கொஞ்சம் கூடும். நாற்காலி மாறாது. பட்டியலை உரிய காலத்தில் வெளியிட்டால் அரசுக்கு என்ன நஷ்டம்?

"ஆபீஸ் பொண்ணு"

தனியார் ஆபீசிலோ பல இடங்களில் ஏணியே கிடையாது. மில் ஆபீஸ், பருப்பு மண்டி, ஜவுளிக்கடை எதை வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளுங்கள். பில் போடுவது, ஜி.எஸ்.டி. கணக்குப் பார்ப்பது, பேங்குக்குப் போவது, போன் எடுப்பது எல்லாம் ஒரே ஆள். முதலாளி ஊரில் இல்லை என்றால் ஆபீசே அவர் தலையில். 15 வருஷம் கழித்தும் அவருக்குப் பெயர் என்ன? "ஆபீஸ் பொண்ணு!"

குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா அமையும் என்று 2023 மார்ச்சில் அறிவித்தார்கள். இத்தகைய பூங்கா ஒன்றில் ஒரு லட்சம் பேருக்கு நேரடி வேலை, 2 லட்சம் பேருக்கு மறைமுக வேலை என்பது மத்திய அரசு சொன்ன கணக்கு. தறியும் தையல் மெஷினும் மட்டும் வந்தால் போதுமா? ஆபீசும் வரும். ஆபீஸ் வந்தால் உதவியாளர்களும் வருவார்கள்.

அந்த மேஜைகளில் கரிசல் காட்டுப் பிள்ளைகள் உட்கார வேண்டும். உட்கார்ந்தவர்கள் எழுந்து அடுத்த மேஜைக்கும் போக வேண்டும்.

2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, நியமனக் கடிதம் தர வேண்டும் என்கிறது. அந்தக் கடிதத்தில் பதவியின் பெயரோடு, அடுத்த பதவி எது, அதற்கு என்ன படிக்க வேண்டும் என்பதையும் முதலாளிகள் எழுதிக் கொடுக்கட்டும். அருப்புக்கோட்டையில் மாலை நேரக் கணக்கு வகுப்பு, கம்ப்யூட்டர் வகுப்பு நடத்த அரசு ஏற்பாடு செய்யட்டும். வேலை முடிந்து வருகிறவர்கள் வகுப்பு முடித்து ஊர் திரும்ப ஒரு பஸ்சும் விடட்டும்.

மழை யார் கையிலும் இல்லை. பதவி உயர்வு மனிதர்கள் கையில்தானே இருக்கிறது? அதுவும் ஏன் வானம் பார்த்த பூமியாகக் கிடக்க வேண்டும்?