போறணைக் கோழியும் ஒடியல் கூழும்

மெடிட்டரேனியன் ரோஸ்ட் சிக்கன் நல்ல சாப்பாடு. அதை முதலே சொல்லிவிடுகிறோம், பிறகு ஒருவரும் சண்டைக்கு வரக்கூடாது. எங்களுக்குப் பிரச்சினை கோழியோடு இல்லை, அந்தப் பெயருக்குக் கிடைக்கிற மரியாதையோடுதான்.

ஆனி, ஆடி வந்தால் சுவிஸிலும் பிரான்சிலும் கனடாவிலும் இருக்கிற புங்குடுதீவுச் சொந்தங்கள் ஊருக்கு வருவினம். குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்குச் சனம் நிறையும். "அம்மனுக்குக் கொடி இறங்கட்டும், பிறகு மச்சம் பாப்பம்" என்று வீடுகள் பொறுத்திருக்கும். கொடி இறங்கினதும் பிள்ளைகள் கேட்பது ஒவனில் வெந்த கோழி. ரோஸ்மேரி, ஒலிவ் எண்ணெய் எல்லாம் பட்டணத்திலிருந்து பாலம் தாண்டி வரவேணும். அந்தச் சின்னப் போத்தல் எண்ணெயின் விலையைப் பார்த்துவிட்டு ஒரு மாமி அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினவா. நாங்கள் சிரித்தோம், அவ சிரிக்கேல்லை.

உண்மையில் இந்தக் கோழிக்கு அதெல்லாம் தேவையில்லை. நாங்கள் செய்த விதம் இதுதான். முழு ஊர்க்கோழிக்கு உப்பு, நசுக்கின உள்ளி, மிளகு, தேசிக்காய்ப் புளி, நல்லெண்ணெய் பூசி ஒரு இரவு குளிரில் வைத்தோம். தட்டத்தில் உருளைக்கிழங்கு, தக்காளி, சின்ன வெங்காயம் பரப்பி, மேலே கோழியை வைத்து, கருவேப்பிலையும் தூவினோம். வீட்டில் ஒவன் இல்லை. பாண் சுட்டு இறக்கின பிறகு பேக்கரிப் போறணையில் மிச்சமாய்க் கிடக்கிற சூடு இருக்கே, அதுக்குள்ள தட்டத்தைத் தள்ளிவிட்டோம். ஒன்றரை மணித்தியாலம். தொடையில் குத்தினால் வருகிற நீர் சிவப்பில்லாமல் தெளிவாக வந்தது. தோல் மொறுமொறு, கிழங்கு முழுக்கக் கோழி நெய்.

போறணை என்ற சொல்லே போர்த்துக்கீசரின் 'போர்னோ'. பாண் என்ற சொல்லும் அவர்கள் தந்ததுதான். 1619 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள் விட்டுப்போன அடுப்பு, இன்றைக்கும் எங்கட பாணைச் சுடுகிறது. ஆகவே இது நேற்று யூடியூப்பில் வந்து இறங்கின தொழில்நுட்பம் இல்லை.

இனி அந்தப் பெயரின் கதை. 1948 இல், யுத்தத்தால் நொந்துபோயிருந்த கிரீட் தீவுக்கு ரொக்பெல்லர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் போனார்கள். அந்தச் சனம் சாப்பிட்டது பாண், ஒலிவ் எண்ணெய், காட்டுக்கீரை, அவரை, பயறு. இறைச்சி எப்போதாவதுதான். எது கூடக் கிடைத்தால் நல்லது என்று கேட்டபோது பெரும்பாலானோர் சொன்ன பதில்: இறைச்சி. பத்து வருடம் கழித்து அமெரிக்கரான அன்செல் கீஸ் ஏழு நாடுகளை ஒப்பிட்டுத் தொடங்கிய ஆய்வில், அதே கிரீட் ஆண்களுக்கு மாரடைப்பு மிகக் குறைவு என்று தெரியவந்தது. வறுமையில் சாப்பிட்டது உலகம் போற்றும் உணவுமுறையாகிவிட்டது. 2010 இல் யுனெஸ்கோவும் அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாங்கள் அந்தப் பெயரில் கொண்டாடுகிற முழுக்கோழியோ, அந்தத் தீவுச் சனம் ஆசைப்பட்டும் கிடைக்காத சாப்பாடு!

எங்கட தீவும் வரண்ட நிலம்தான். பனை, மீன், ஆடு, கீரை. அதிலிருந்து வந்ததுதான் ஒடியல் கூழ்: மீன், நண்டு, றால், பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை, புளி, அரைத்த செத்தல் மிளகாய். பிளாவில் ஊற்றிச் சுடச்சுடக் குடிக்கவேணும். ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து நிற்கிற வீட்டில் கூழ்ப்பானை பின்குசினிக்குப் போய்விடும். "அது எங்களுக்குத்தான், அதுகளுக்குப் பிடிக்காது" என்பார்கள். யாராவது அந்தப் பிள்ளைகளிடம் கேட்டார்களா? நாங்கள் கேட்டோம். பாரிஸில் பிறந்த பன்னிரண்டு வயதுக்காரன் மூன்று பிளா குடித்துவிட்டு, நண்டுக்காலுக்காகத் தங்கச்சியோடு சண்டை பிடித்தான்.

கலைப்பீட விரிவுரைகளில் காலனியம், அதிகாரம் என்று பக்கம் பக்கமாய் எழுதுகிற எங்களில் எத்தனை பேர் கன்ரீனில் "வீட்டில கூழ்" என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறோம்? கிரீட்காரரின் ஏழைச் சாப்பாட்டுக்கு அழகான பெயர் வைக்க ஆய்வாளர்கள் வந்தார்கள். எங்கட பானையை மூடி வைத்தால் ஒருவரும் வரப்போவதில்லை.

இந்த விடுமுறைக்குக் கோழியைப் போறணைக்கு அனுப்புங்கோ, தடையில்லை. அது வேகிற நேரத்துக்குள் கூழும் காய்ச்சி முடிக்கலாம். ஒடியல் மாவை மட்டும் முதலே ஊறப்போட்டு, தண்ணியை ரெண்டு மூன்று தரம் மாற்றிவிடுங்கோ, இல்லாட்டிக் கைக்கும்.