வகுத்தல் குறிக்குள் ஒரு சட்டம்



நம் சங்கத்துக் குடும்பங்களில், கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளையோ பெண்ணோ இல்லாத வீடு இன்று அபூர்வம். புணேயில் காலை வேளையில் ஹிஞ்சேவாடி போகும் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் இடத்தில் தமிழ் தாராளமாகக் காதில் விழுகிறது. அவர்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லிக் கொடுக்க முடியாது. நான் படித்தது பாலிடெக்னிக் டிப்ளமா. முப்பத்தெட்டு வருஷம் ரயில்வே சிக்னல் பிரிவில் உழைத்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் ஒரு விஷயத்தில் அந்தப் பிள்ளைகளிடமும் அவர்களைப் பெற்றவர்களிடமும் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஒரு புரோகிராமின் அடியில் இருக்கும் பாகங்களைப் புதுப்பித்த பிறகு, அது போடும் கணக்கு பழையபடி வருகிறதா என்று பார்க்கும் வேலையை புரோகிராம் எழுதியவர் தலையில் மட்டும் கட்டக் கூடாது. கணக்கின் விதி யாருக்குத் தெரியுமோ அவரும் பக்கத்தில் உட்கார வேண்டும்.

நான் குடியிருக்கும் ஹவுசிங் சொஸைட்டியில் 84 வீடுகள். தண்ணீருக்கு வீட்டுக்கு வீடு மீட்டர் உண்டு. மாதம் 20 ஆயிரம் லிட்டர் வரை ஒரு கட்டணம். அதைத் தாண்டினால் மொத்தத் தண்ணீருக்கும் உயர்ந்த கட்டணம். ஆயிரம் லிட்டருக்கு 12 ரூபாய் என்பது 18 ஆகிவிடும். டாங்கர் தண்ணீர் வாங்கும் ஊரில் இப்படி ஒரு கண்டிப்பு தேவைதான். பழைய மீட்டர்களில் கறுப்பு எண்களை மட்டும் எழுதிக்கொண்டு போவார்கள். லிட்டரைக் காட்டும் சிவப்பு எண்களை யாரும் குறிப்பதில்லை. அந்த வழக்கமே பிறகு சொஸைட்டி விதியாகவும் ஆயிற்று: ஆயிரத்துக்குக் குறைந்த மீதி லிட்டரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. லிட்டர் வரை துல்லியமாகக் காட்டும் புது மீட்டர் வந்த பிறகும் விதி மாறவில்லை.

இந்தக் கணக்கைப் போட ஒரு புரோகிராம் உண்டு. நம்மவர் ஒருவருடைய மகன், வேலைக்குப் போய்க்கொண்டே, சம்பளம் வாங்காமல் எழுதிக் கொடுத்தது. ஒரு மாதம் புரோகிராமின் அடிப்பாகங்களைப் புதுப்பித்தார். அந்த மாத பில்லில் பென்ஷனில் காலம் தள்ளும் ஓர் அம்மாளுக்கு 240 ரூபாய்க்குப் பதில் 371 ரூபாய் 52 காசு வந்தது. அவர் உபயோகித்தது 20,640 லிட்டர். ஆபீசுக்குப் போய்க் கேட்டார். "கம்ப்யூட்டர் போட்ட கணக்கம்மா, மீட்டரைப் பாருங்கள்" என்றார்கள். மீட்டரில் தப்பில்லை. அந்த அம்மாள் பணத்தைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

விஷயம் வெளிவந்தது 131 ரூபாயால் அல்ல, 20 காசால்! பொதுவிளக்கு, லிஃப்ட் வகையில் வந்த 10,000 ரூபாய் மின்சார பில்லை 84 வீட்டுக்கும் பங்கு போட்டதில், எல்லாருடைய பங்கையும் கூட்டினால் 10,000 ரூபாய் 20 காசு. எங்கள் பொருளாளர் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மராத்திக்காரர். அவர் பேரேட்டில் இருபது காசு இடித்தால் அவருக்கு ராத்தூக்கம் கிடையாது. "இத்தனை வருஷமாகக் காசு குறையும், மீதி நிதியில் சேரும். கூடியது ஒரு நாளும் இல்லை" என்று அவர் சொன்னபோதுதான் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். பணத்தைக் காசாக்கி வைத்திருக்கிறார்கள்: 10,00,000 காசை 84 ஆல் வகுத்தால் பழைய புரோகிராமில் 11,904 வரும், மீதி 64 காசு நிதிக்குப் போகும். இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் 11,905 விழுந்திருந்தது. கூட்டிப் பாருங்கள், 20 காசு அதிகம். தண்ணீர் பில்லிலும் இதே கைங்கரியம்தான் நடந்திருக்கிறது என்று அதன் பிறகு தெரிந்தது.

காரணத்தைச் சாதாரண வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். விவரங்கள் எல்லாம் டேட்டாபேஸ் என்கிற கிடங்கில் இருக்கின்றன. எங்களுடையது போஸ்ட்கிரெஸ். அதனிடம் கேள்வி கேட்கும் மொழி எஸ்.க்யூ.எல். தம்பி எழுதுவது பைதான் மொழியில். நடுவில் ஒரு துபாஷி உட்கார்ந்து பைதானை எஸ்.க்யூ.எல். ஆக மாற்றித் தருகிறது. இந்த மாதிரிப் பாகங்களுக்கு லைப்ரரி என்று பெயர். புத்தகம் ஒன்றும் இருக்காது. எங்கள் துபாஷியின் பெயர் எஸ்.க்யூ.எல். ஆல்கெமி.

போஸ்ட்கிரெஸ் இரண்டு முழு எண்களை வகுத்தால் முழு எண்ணைத்தான் தரும், பின்னத்தை வெட்டிவிடும். 20,640 / 1000 என்றால் 20. பழைய துபாஷி இந்தச் சாய்கோட்டை அப்படியே கடத்தியது. 2023 ஜனவரியில் வெளிவந்த 2.0 பதிப்பிலிருந்து, பைதானில் சாய்கோடு போட்டால் பின்னத்தோடு கூடிய முழு விடைதான் வர வேண்டும், எந்தக் கிடங்கானாலும் சரி என்று முடிவு செய்தார்கள். அதற்காக வகுக்கும் எண்ணை "காஸ்ட்" என்ற சொல்லால் தசம எண்ணாக மாற்றி அனுப்புகிறது. ஆகவே 20.64. இருபதைத் தாண்டியாயிற்று, உயர்ந்த கட்டணம்! மின்சாரப் பங்கில் 11,904.76 என்று வந்ததை முழு எண்ணுக்கான கட்டத்தில் எழுதும்போது போஸ்ட்கிரெஸ் பக்கத்து முழு எண்ணான 11,905 ஆக்கிக்கொண்டது. எங்கும் சிவப்பு விளக்கு எரியவில்லை. புரோகிராம் நிற்கவும் இல்லை. பாகம் ஒடிந்து நின்றுபோகும் கோளாறை யாரும் கண்டுபிடித்துவிடலாம். ஓடிக்கொண்டே தப்பான எண்ணைத் தருவதுதான் கஷ்டம்.

இதில் லைப்ரரிக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாற்றத்தை அவர்கள் தங்கள் குறிப்பில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அவர்கள் செய்ததில் நியாயமும் இருக்கிறது. ஒரே சாய்கோடு கிடங்குக்குக் கிடங்கு வேறு விடை தருகிறது. ஒரு மாணவன் 60 நாளில் 45 நாள் வந்தான், 45 / 60 என்ன என்று கேட்டால் போஸ்ட்கிரெஸ், எஸ்.க்யூ.எல். சர்வர், எஸ்.க்யூ.லைட் மூன்றும் பூஜ்யம் என்கும், ஆரக்கிளும் மை-எஸ்.க்யூ.எல்.லும் 0.75 என்கும். பைதானுக்குள்ளேயே இந்தத் தகராறு பழையது. 2001 இலேயே சாய்கோட்டின் பொருளை மாற்றும் யோசனை எழுந்து, 2008 டிசம்பரில் வந்த பைதான் 3 இல்தான் முழுசாக அமலுக்கு வந்தது. பின்னத்தை விடும் வகுத்தலுக்கு இரட்டைச் சாய்கோடு என்று தனிக் குறி வைத்தார்கள்.

என் குறை வேறு இடத்தில். மீதி லிட்டரை விட்டுவிட வேண்டும் என்பது 84 குடும்பம் கூடிக் கையெழுத்திட்ட விதி. அது புரோகிராமில் எந்த வரியிலும் எழுதப்படவே இல்லை! ஒரு கிடங்கின் பழக்கம் தற்செயலாக விதியோடு ஒத்துப்போனதால் இத்தனை வருஷம் வண்டி ஓடியிருக்கிறது. பழக்கம் மாறியதும் விதியும் மறைந்தது. விதியை வார்த்தையில் எழுத வேண்டும்: லிட்டரை ஆயிரத்தால் வகு, பின்னத்தைக் கீழே இறக்கு, பிறகு கட்டணத்தைப் பார். இறக்குவதற்கு "ஃப்ளோர்" என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் துபாஷி மாறினாலும் கிடங்கு மாறினாலும் கவலையில்லை, படிக்கிறவனுக்கும் புரியும்.

தம்பியும் நானும் பொருளாளரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். அவர் முதலில் தன் பைதான் வரிகளையே திரும்பத் திரும்பப் பார்த்தார். அதில் ஓர் எழுத்துகூட மாறவில்லையே, என்ன தெரியும்? துபாஷி கிடங்குக்குக் கடைசியில் என்ன சொல்கிறது என்பதை அச்சடித்துக் காட்டச் சொன்னேன். அதற்கு ஒரு வசதி இருக்கிறது, "எக்கோ" என்று பெயர். பழைய பதிப்பில் ஒரு தாள், புதிய பதிப்பில் ஒரு தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் "காஸ்ட்" என்ற சொல் தானாகக் கண்ணில் பட்டது. சர்க்யூட்டில் பழுது தேடுகிறவன் மீட்டரைக் கம்பியில் வைப்பான், வரைபடத்தில் வைக்க மாட்டான்.

பிறகு விடை முன்கூட்டியே தெரிந்த சின்ன எண்களைக் கொடுத்துப் பார்த்தோம். 19,999, 20,000, 20,001, 20,999, 21,000. எல்லை ஓரத்தில்தான் கணக்கு வழுக்கும். ஒன்றுமே உபயோகிக்காத பூட்டிய வீடு. மீட்டர் படிக்காமல் விட்ட வீடு: அதைக் கிடங்கு பூஜ்யம் என்று எடுப்பதில்லை, "நல்" என்கிறது, அதோடு எதைக் கூட்டினாலும் விடையும் "நல்"தான். அடுத்து, முன்பணம் கட்டி நமக்குப் பாக்கி இருப்பவர்கள், அதாவது கழித்தல் எண்கள். இது தனித் தலைவலி. மைனஸ் ஏழை இரண்டால் வகுத்தால் போஸ்ட்கிரெஸ் மைனஸ் 3 என்கிறது. பைதானின் இரட்டைச் சாய்கோடு மைனஸ் 4 என்கிறது. யார் தப்பு என்றால் இரண்டு பேருமே தப்பில்லை. ஒருவர் பூஜ்யத்தை நோக்கி வெட்டுகிறார், மற்றவர் கீழ்நோக்கி இறக்குகிறார். திருப்பித் தரும் தொகைக்கு எது வேண்டும் என்று கமிட்டிதான் சொல்ல வேண்டும். அரை ரூபாயை முழு ரூபாயாக்குவதிலும் இதே கூத்து: 2.5 ஐ பைதான் 3 உருட்டினால் 2, போஸ்ட்கிரெஸ் தசம எண்ணாக உருட்டினால் 3.

கடைசியாக, போன மூன்று மாத பில்லையும் இரண்டு பதிப்பிலும் ஓட்டி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கச் சொன்னோம். பூஜ்யம் வராத வீடுகளின் பட்டியல் கையில் வந்தது. பெரும்பாலும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் வித்தியாசம். 14,900 லிட்டருக்கு 168 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 178 ரூபாய் 80 காசு. யாரும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். சின்னத் தொகை என்பதால் அலட்சியம் செய்யலாகாது. கனடாவில் வான்கூவர் பங்குச் சந்தைக் குறியீட்டை 1982 ஜனவரியில் 1000 என்று தொடங்கினார்கள். ஒவ்வொரு தடவை கணக்கிடும்போதும் மூன்றாம் தசம இலக்கத்துக்குப் பின் வருவதை உருட்டாமல் வெட்டிவிட்டார்கள். 1983 நவம்பரில் குறியீடு 524 அளவுக்கு இறங்கியிருந்தது. சரியாகப் போட்டுப் பார்த்தால் 1098! சந்தை ஏறியிருக்க, கணக்கு பாதியாய் விழுந்திருக்கிறது.

கூட்டத்தில் சிலர், "எதற்கு இந்த வம்பு, பழைய பதிப்பையே வைத்துக்கொள்ளலாமே" என்றார்கள். எனக்கு அது சம்மதமில்லை. பைதான் 2 க்கு 2020 ஜனவரி முதல் தேதியோடு பராமரிப்பு நின்றுபோனது. அதற்குமேல் ஓட்டை தெரிந்தாலும் அதை உண்டாக்கியவர்கள் அடைத்துத் தரவில்லை. பழசைக் கட்டிக்கொண்டால் இன்றோ நாளையோ எல்லாப் பாகத்துக்கும் இந்த கதிதான். புதுப்பிக்கத்தான் வேண்டும்.

எங்கள் சிக்னல் வேலையிலும் பாகம் மாற்றாமல் இருந்ததில்லை. ஆனால் ஒரு ரிலேயைத் தொட வேண்டுமானால் ஸ்டேஷன் மாஸ்டருக்கு டிஸ்கனெக்‌ஷன் மெமோ கொடுத்து, அவர் கையெழுத்து வாங்கி, வேலை முடிந்ததும் சோதித்துப் பார்த்த பிறகே ரீகனெக்‌ஷன் மெமோ கொடுப்போம். சர்க்யூட்டில் மாற்றம் என்றால் எந்தப் பாதைக்கு எந்த சிக்னல், எந்தப் பாயின்ட் எப்படி இருக்க வேண்டும் என்ற அட்டவணையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வயரிங் செய்தவன் "சரியாக இருக்கிறது" என்று சொல்வது போதாது. 2023 ஜூன் 2 ஆம் தேதி பாலசோர் பக்கம் பஹானகா பஜாரில் 290 பேருக்கு மேல் மாண்ட விபத்துக்கு, முன்னர் நடந்த சிக்னல் சர்க்யூட் மாற்றத்திலும், லெவல் கிராசிங் கேட் தடுப்பை மாற்றிய வேலையிலும் இருந்த குறைகளே காரணம் என்று அதே ஜூலையில் பாராளுமன்றத்தில் சொன்னார்கள். தண்ணீர் பில்லையும் அதையும் ஒரு தராசில் வைப்பதாக நினைக்க வேண்டாம். மாற்றியவரே மாற்றத்துக்குச் சாட்சியும் சொல்லும் ஏற்பாடு எனக்கு எங்கே கண்டாலும் உறுத்துகிறது, அவ்வளவுதான்.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். "அங்கிள், எனக்கு அந்த விதி இருப்பதே தெரியாது, யாரும் சொல்லவில்லை" என்றார் தம்பி. உண்மைதான். அவரிடம் பழைய பில் ஒன்றைக் கொடுத்து "இதுபோல வர வேண்டும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். வங்கி, இன்ஷூரன்ஸ், மருத்துவமனை என்று பெரிய இடங்களுக்கு எழுதும் பிள்ளைகளுக்கும் பல சமயம் இதே நிலைமைதான் என்று கேள்விப்படுகிறேன். பெரியவர்களோ "அதெல்லாம் கம்ப்யூட்டர் சமாச்சாரம், நமக்கு எட்டாது" என்று ஒதுங்குகிறார்கள். இருபதாயிரத்து அறுநூற்று நாற்பதில் எத்தனை ஆயிரம் என்பது எட்டாத சமாச்சாரமா? மனக்கணக்கிலேயே வட்டி போட்ட தலைமுறை ஐயா இது.

அதிகம் வாங்கிய தொகையை அடுத்த பில்லில் கழித்துவிடுவதாக சொஸைட்டி ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த அம்மாளுக்கு 131 ரூபாய் 52 காசு. ஃப்ளோர் போட்ட வரிகளுக்குப் பக்கத்திலேயே விதி எண்ணையும் தம்பி எழுதி வைத்திருக்கிறார்.

நம் சங்கத்தின் கல்வி உதவி நிதிக் கணக்கும் வரும் ஏப்ரலில் புதிய புரோகிராமுக்கு மாறுகிறது. மதிப்பெண் சதவீதம், வருமான வரம்பு, தவணைப் பங்கு என்று அதில் வகுத்தல் மூன்று இடத்தில் வருகிறது. அறுபது சதவீதம் வேண்டும் என்கிறோம், 59.6 வாங்கிய பிள்ளைக்கு உண்டா இல்லையா என்பது இதுவரை எங்கும் எழுத்தில் இல்லை. செயற்குழு அதை மார்ச் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். போன மூன்று வருஷத்துக் கைப்பேரேட்டை அதுவரை யாரும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட வேண்டாம் என்று செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பேர் தேவை. கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.