தொத்துநோயும் நஷ்ட ஈடும்

ஒருவனுடைய மாடு பிறன் பயிரை மேய்ந்தால் மாட்டுக்காரன் ஈடு கொடுக்க வேண்டுமென்பதை நம் நாட்டில் மறுப்பார் இலர். ஒருவன் உடலிலிருந்த நோய் பிறனைப் பற்றி அவன் உயிரைக் கொண்டு சென்றால், ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவன் யார்? இவ்வினாவை 2020-ஆம் ஆண்டில் அரியலூர், பெரம்பலூர் ஜில்லாக்கள் கண்ணெதிரே கண்டன.

மானாவாரிப் பருத்தியும் மக்காச்சோளமும் வருஷ முழுவதும் வேலை கொடா. ஆதலின், இப்பக்கத்தார் பலர் சென்னைக் கோயம்பேடு சந்தையில் மூட்டை சுமந்து பிழைத்து வந்தனர். அவ்வாண்டு ஏப்பிரல் 26 முதல் நான்கு நாள் முழு அடைப்பு என்று அறிவிப்பு வரவே, 25-ஆம் தேதி அச்சந்தையில் ஜனத்திரள் அலைமோதியது. அடுத்த சில நாட்களில் அங்கே கொரோனா பரவியிருப்பது தெரிய வந்தது. மே 5-ஆம் தேதி சந்தை மூடப்பட்டது. வேலையும் தங்குமிடமும் ஒருங்கே இழந்த கூலியாட்கள் கிடைத்த லாரியில் ஏறி ஊர் வந்து சேர்ந்தனர். அதுவரை விரல்விட்டு எண்ணத்தக்க நோயாளிகளையே கண்டிருந்த அரியலூரில் சில தினங்களுக்குள் தொகை நூற்றுக்கணக்காயிற்று. பெரம்பலூரும் அம்மாதத்திலேயே நூற்றைக் கடந்தது. அவர்களுட் பெரும்பாலோர்க்குக் காய்ச்சலுமில்லை, இருமலுமில்லை. ஆயினும் 'கோயம்பேட்டான்' என்ற சொல் ஒரு வசைமொழியாகி விட்டது.

இவர்கள்மீது வழக்குத் தொடுக்கலாமா? தண்டனைச் சட்டம் ஒருவகையில் விடை கூறுகின்றது. உயிருக்கு ஆபத்தான தொத்துநோயை அஜாக்கிரதையால் பரப்பினார்க்கு ஆறு மாதமும், வேண்டுமென்றே பரப்பினார்க்கு இரண்டாண்டும் சிறை என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 269, 270-ஆம் பிரிவுகளில் விதித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய நியாய சங்கிதையில் அவையே 271, 272-ஆம் பிரிவுகளாக நிற்கின்றன. ஆனால் சிறை நோயுற்றவன் குடும்பத்துக்குச் சோறு போடாது. அபராதப் பணமும், நீதிபதி அதிற் பகுதியை அக்குடும்பத்துக்கென ஒதுக்கினாலன்றி, சர்க்கார் பொக்கிஷத்தையே சேரும். தகப்பனை இழந்த பிள்ளை கேட்பது தண்டனையையன்று, ஜீவனத்தை. அது சிவில் நியாயஸ்தலத்தின் காரியம். பிறன் குற்றத்தால் மாண்டவனுடைய மனைவி மக்கள் ஈடு கேட்பதற்கு 1855-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டுள்ளது.

அங்கே வாதிக்கு இரண்டு மலைகள் குறுக்கே நிற்கின்றன. முதலாவது, நோய் இன்னாரிடமிருந்தே வந்ததென்று காட்டுவது. உட்புகுந்து பதினான்கு நாள் வரை மறைந்திருக்கவல்ல ஒரு நோய், எந்தத் தேநீர்க்கடையில், எந்தப் பஸ்ஸில், யார் மூச்சில் வந்ததென்று எவர் சாட்சி சொல்வார்? இரண்டாவது, பிரதிவாதி அஜாக்கிரதையாய் இருந்தான் என்று நாட்டுவது. இரண்டாவதே பெரிதென்பது எமது கருத்து. ஏனெனில், தன்னிடம் நோயுண்டென்று அறியாதவன் எதில் அஜாக்கிரதையாய் இருந்தான்?

வேதாகமத்தைப் பயில்வார்க்கு இது புதிதன்று. மாடு முட்டி ஒருவன் மாண்டால், அது முட்டுகிற மாடென்று முன்னரே எச்சரிக்கப்பட்டும் கட்டி வைக்காத உடையவனையே யாத்திராகமம் பொறுப்பாளியாக்குகின்றது. அறியாதவனை விட்டு விடுகின்றது. எல்லாம் அந்த 'அறிந்தும்' என்பதில் தங்கியிருக்கிறது. பரிசோதனையில் நோய் உறுதிப்பட்ட பின்னும் அதை மறைத்துக் கல்யாணப் பந்தியில் அமர்ந்தவன் ஈடு கொடுக்கட்டும். அவன் செல்வனாயினும் ஏழையாயினும் நாம் பரிந்து பேச மாட்டோம். சந்தை மூடியதும் வீடு திரும்பிய கூலியாள் அவ்வினத்தவன் அல்லன். அவன்மேல் டிக்கிரி வாங்கினாலுந்தான் எதை ஜப்தி செய்வது?

அப்படியாயின், கூட்டத்தை ஒழுங்கு செய்யும் அதிகாரமுடையோரும், ஆளை வைத்து வேலை வாங்கினோரும் பொறுப்பேற்க வேண்டாமா? வேண்டும் என்போம். அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியா மாகாணத்து உச்ச நியாயஸ்தலம் 2023-இல் இதற்கு எல்லை வகுத்தது. தொழிலாளி தன் வீட்டாருக்குக் கொண்டுபோன கொரோனாவுக்கு முதலாளி ஈடு கொடுக்கும் கடமையில்லை. கொடுப்பதாயின் வழக்குகளுக்கு முடிவே இராது என்பது அத்தீர்ப்பின் சாரம். அந்த அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. எனினும், வெள்ளம் வருமென்று பயந்து மதகையே அடைத்து விட்டால் கடைமடைக்காரன் கதி என்ன? நம் நாட்டில் 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையின் பயனாக, கொரோனாவால் மாண்டார் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் வழங்க ஏற்பாடாயிற்று. யார் குற்றமென்று கேளாமல் கொடுத்தமையே அதன் சிறப்பு. ஓர் உயிருக்கு அத்தொகை போதுமென்று யாரும் சொல்லார்.

கல்லூரி மாணாக்கர்க்கு இது வெறும் சட்ட வாதமென்று தோன்றலாம். பரீட்சைக் காலத்தில் விடுதியில் ஒருவனுக்குச் சின்னம்மை கண்டால் என்ன நிகழும்? கொப்புளம் தோன்றுதற்கு ஓரிரு நாள் முன்னிருந்தே அது பிறரைப் பற்றும். அந்நாட்களுக்கு அவன் பொறுப்பாளி அல்லன். கொப்புளத்தைக் கண்ட பின்னும் முழுக்கைச் சட்டையால் மூடிக்கொண்டு பரீட்சை மண்டபத்தில் அமர்ந்தானாயின், பக்கத்திலிருந்தவன் இழந்த ஆண்டுக்கு அவன் பொறுப்பாளியே. ஆனால், உண்மையைச் சொன்னால் தன் ஆண்டும் போய்விடும் என்று அறிந்தவன் எப்படிச் சொல்வான்? நோயுற்றானுக்குத் தனியறையும் தனிப் பரீட்சையும் அளிக்க ஒரு விதி வகுக்குமாறு கல்லூரி நிர்வாகிகளை வேண்டிக்கொள்கிறோம். அவ்விதி வந்த பின்னரே, மறைத்தவனைக் கடிந்துகொள்ள நமக்கு வாயுண்டு.